கடைசிச் சுத்து மட்டும் வலம்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல வரும். இதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா நான் சொல்லப் போறதுல பாதி சத்தம் என்னோடதுதான். வேங்கிக்கால்ல கலெக்டர் ஆபீஸுக்குக் கொஞ்சம் தள்ளி ரப்பர் ஸ்டாம்ப்பும் பேர்ப்பலகையும் செஞ்சு தர்ற கடை வச்சிருக்கேன். சீலு அவசரம்னு வர்றவங்க, புது வீட்டுக்குப் பலகை கேட்டு வந்து வீட்டுக்காரம்மா பேரை மேல போடறதா கீழ போடறதானு என் கடையிலயே சண்டை போடறவங்கன்னு நாள் முழுக்க வாய் ஓயாது. டவுன்ல கடைத்தெருவுல எங்க வீட்டு ஆளுங்க தலைமுறை தலைமுறையா இரும்புச் சாமான் விக்கிறாங்க. இப்போ அது எங்க அண்ணன் கையில. நட்டு போல்ட்டுக்கு நடுவுல வளர்ந்தவ நான், அதனால கொஞ்சம் திமிரும் ஜாஸ்தி.

என் கடைக்கு மேல மாடியில ஒரு ஹாலு ரொம்ப நாளா காலியா கெடந்துச்சு. நாங்க கொஞ்சம் பேர் சேர்ந்து அதை வாடகைக்கு எடுத்து, மேக்கர்ஸ்பேஸ்னு போர்டு மாட்டினோம். அந்த போர்டை வெட்டினவ நான்தான், ஆனா அந்த வார்த்தை எங்க யார் வாயிலயும் நுழையல. பட்டறைனுதான் சொல்லுவோம். யார் வேணா வரலாம், சந்தா கட்டலாம், அங்க இருக்கிற மெஷினை வச்சு அவங்கவங்க வேலையைச் செஞ்சுக்கலாம். சால்டரிங் பண்ண ஒரு மேஜை, ஒரு 3டி பிரின்டர், டிரில்லு, ரம்பம். அதுக்கெல்லாம் மேல, எல்லாரும் காசு போட்டு வாங்கின சின்ன சி.என்.சி. ரவுட்டர். மேஜை மேலயே வைக்கலாம். கம்ப்யூட்டர்ல ஒரு உருவத்தை வரைஞ்சு கொடுத்தா, பென்சில் தடிமன்ல பிட்டுன்னு பல்லு வச்ச ஒரு வெட்டுக்கம்பி வேகமா சுத்திக்கிட்டே போய், மரத்துலயோ பிளாஸ்டிக்குலயோ அந்த உருவத்தை அப்படியே வெட்டி எடுக்கும்.

பெட்டியில வந்தப்போ அது மெஷினாவே இல்ல. அலுமினியக் கம்பி, நீள ஸ்க்ரூ, மோட்டார், ஒயர், ஒரு பை நிறைய நட்டு, பொடி எழுத்துல ஒரு கையேடு. பூட்டினது நானும் அடி அண்ணாமலைத் தம்பியும். கூடப் பிறந்த தம்பி இல்ல. கிரிவலப் பாதையில அந்த ஊர்ல கடை வச்சிருக்கிறவன், டிப்ளமா முடிச்சு சென்னையில ஒரு கம்பெனியில கொஞ்ச காலம் இருந்துட்டு, அந்த ஊர் வேர்வை ஒத்துக்கலைனு திரும்பி வந்தவன். பிளைவுட்ல மலை மாதிரி வெட்டி, உச்சியில ஒரு சின்ன எல்.இ.டி. லைட்டு வச்சு, பௌர்ணமிக்குப் பௌர்ணமி விப்பான். நல்லாவே போகும். மெஷின் வர்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு மலையையும் கையால அறுத்துக்கிட்டிருந்தான், அதனால மெஷின் மேல அவனுக்கு ஆசை கொஞ்சநஞ்சமில்ல.

ரெண்டு பேரும் சேர்ந்து பூட்டினோம்னு சொன்னேன், சண்டை போட்டுக்கிட்டே பூட்டினோம்னு சொல்லியிருக்கணும். நான் மூலைக்கு மூலை டேப் வச்சு அளந்து, கோணலா இருக்கு கழட்டுன்னுவேன். இது போதும்க்கா, என்ன ராக்கெட்டா விடப்போறோம்னு அவன் கேப்பான். அந்த நீள ஸ்க்ரூ சுத்தும்போது மெஷின் தலையை இழுத்துட்டுப் போறது ஒரு நட்டு. அதை இறுக்கிப் புடிச்சா மோட்டார் திணறுது, தளர்த்திவிட்டா லேசா ஆட்டம் கொடுக்குது. மோட்டார் பொசுங்கக் கூடாதுன்னு நான் ஒரு இழை தளர்த்தி வச்சேன். அவனுக்கு அதுல இஷ்டமில்ல. அக்கா வச்சது வச்சதுதானானு முணுமுணுத்துட்டு விட்டுட்டான்.

ஓட்டிப் பார்த்த அன்னைக்கு அவன் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வச்சு, எலுமிச்சம்பழத்தைச் சுத்திப்போட்டான். ஸ்க்ரூ மேல ஒரு பொட்டு பட்டாலும் உன் கையை ஒடிப்பேன்னு பக்கத்துலயே நின்னேன். அவனும் சமத்தா, முன்பக்கத்து அலுமினியச் சட்டத்துல மட்டும் வச்சான். நான் பிஸ்மில்லா சொல்லி ஸ்விட்சைப் போட்டேன். பிட்டு சுத்த ஆரம்பிச்சதும் ரெண்டு பேரும் பச்சைப் புள்ளைங்க மாதிரி சிரிச்சோம்.

மெஷினைப் பூட்டினது பெரிசில்ல, பங்கு போட்டு ஓட்டறதுதான் பாடு. ஒருத்தர் பலகையை எந்த மூலையில வைக்கணும்னு மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்துட்டுப் போவாங்க, அடுத்தவங்க வந்து அதைப் பார்க்காம ஸ்விட்சைத் தட்டினா பிட்டு மேஜையிலயே இறங்கி உழும். எங்க மேஜையைப் பார்த்தீங்கன்னா அம்மை போட்ட முகம் மாதிரி இருக்கும். ஆளாளுக்கு ஒரு வேகம், ஒரு ஆழம், ஒடிஞ்ச பிட்டுக்கு யாரும் பொறுப்பில்ல. ஊர் கூடித் தேர் இழுக்கணும்னு சொல்றது சரி, ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தா தேர் எங்க போகும்? நான் கத்தின கத்துல, தம்பிதான் உட்கார்ந்து எல்லாருக்கும் பொதுவா ஒரு செட்டிங் செஞ்சு கம்ப்யூட்டர்ல போட்டு வச்சான். உருவத்தை மட்டும் வரைஞ்சா போதும், மத்ததெல்லாம் அதுவே பார்த்துக்கும். பிட்டு ஒடியறது நின்னுச்சு, சண்டையும் கம்மியாச்சு. அந்தச் செட்டிங்குக்குள்ள என்னென்ன இருக்குன்னு யாரும் தொறந்து பார்க்கல. நானும்தான்.

இந்த நேரத்துலதான் கீழ்பென்னாத்தூர்ப் பொண்ணு வந்துச்சு. வேங்கிக்கால்லயே ஒரு ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வேலை. சாயங்காலம் வேலை முடிஞ்சதும் பட்டறைக்கு வந்து, பேசாம ஒரு மூலையில உட்கார்ந்து ஏதாவது வரைஞ்சுக்கிட்டிருக்கும். பொழுதுபோக்குக்கு வருதுன்னு நெனைச்சேன். ஆனி மாசக் கடைசியில ஒரு நாள், தண்டு நீட்டிக்கிட்டிருந்த ஒரு விதைப்புக் கருவியை ஸ்கூட்டியில கட்டி எடுத்துட்டு வந்து மாடியேத்திச்சு. ஒத்தைச் சக்கரம், மேல விதை போட ஒரு டப்பா, பின்னாடி புடிச்சுத் தள்ள கைப்பிடி. டப்பாவுக்கு அடியில ஒரு வட்டத் தட்டு சுத்தும். தட்டுல ஓரமா குழி குழியா இருக்கும். குழிக்கு ஒரு விதை உட்கார்ந்து, ஒண்ணொண்ணா மண்ணுல விழும். கடையில கொடுத்த தட்டு மக்காச்சோளத்துக்கானது. இது போடப்போறது மல்லாட்டை. நீங்கள்லாம் வேர்க்கடலைங்கிறதைத்தான் எங்க பக்கம் மல்லாட்டைங்கிறது. விதை மல்லாட்டை குழியில நுழையாம நசுங்கி, தோலு உரிஞ்சு விழுது. தோலு உரிஞ்சா முளைக்காது. அதனால அதோட விதைக்கு ஏத்த மாதிரி ஒரு தட்டு வெட்டணும்னு கேட்டுச்சு.

ஆளுங்களை விட்டு விதைச்சா என்னன்னு கேட்டேன். அப்போதான் விஷயம் வெளிய வந்துச்சு. அவங்க அப்பா போனதுக்கு அப்புறம் நிலம் அண்ணனுக்கும் இதுக்கும் பொதுவா இருக்கு. அண்ணன் வேன் ஓட்டுறாரு. விதைக்க ஆள் கெடைக்கல, களை எடுக்க ஆள் கெடைக்கல, போன வருஷம் தரிசாவே போட்டுட்டாரு. மனை போடறவங்க வந்து பேசிட்டாங்க. அண்ணன் சம்மதிச்சு, எல்லைக்கு நட மஞ்சப் பெயின்ட் அடிச்ச கல்லைக்கூடக் கொண்டாந்து வரப்புல இறக்கிட்டாரு. இந்தப் பொண்ணு அவரைக் கெஞ்சி ஒரே ஒரு தவணை வாங்கியிருக்கு. ஆடி மழையில அந்த நிலம் விதைப்பு ஆயிட்டா இந்த வருஷம் பயிரு. ஆகலைன்னா கல்லை நட்டுட வேண்டியதுதான். அதுக்கு மேல அண்ணனை நான் குத்தம் சொல்ல முடியாதுக்கானு சொல்லிச்சு.

ஆடிப்பட்டம் தேடி விதைங்கிறது சும்மா இல்ல. மானாவாரி நிலம் அது, மழை பெஞ்ச ஈரத்துல ரெண்டு நாளைக்குள்ள விதை விழணும். அப்புறம் மண்ணு இறுகிடும். கூலிக்கு ஆள் வராத ஊர்ல ஒரு பொண்ணு தனியா ஒரு காணி, அதாவது ஒண்ணேகால் ஏக்கருக்கு மேல, விதைக்கணும்னா அந்தக் கருவி ஓடினாத்தான் உண்டு. கருவி ஓடணும்னா தட்டு வேணும்.

சரி, வெட்டிடலாம்னு சொல்லிட்டேன். பாத்திரக் கடையில காய் நறுக்கற வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை இருக்கே, அது நல்ல தடிமன், விதையையும் கீறாது. ரெண்டு வாங்கினோம். பொண்ணு அளவெடுத்து வரைஞ்சுச்சு: நடுவுல அச்சுக்கு ஒரு ஓட்டை, ஓரத்தைச் சுத்தி விதைக்குழிங்க, கடைசியா வெளிவட்டம். மெஷின்ல போட்டோம், வெட்டிக் கொடுத்துச்சு. டப்பாவுல மாட்டி, ஒரு கைப்பிடி விதை போட்டு, மொட்டை மாடியில தள்ளிப் பார்த்தோம். விதை அழகா ஒண்ணொண்ணா விழுந்துச்சு. அடுத்து கடக்னு ஒரு சத்தம், ரெண்டா பொளந்த பருப்பு விழுந்துச்சு. தட்டு ஒரு சுத்து சுத்தும்போதெல்லாம் அதே எடத்துல அதே கடக். கழட்டிப் பார்த்தா, வெளிவட்டம் வட்டமாவே இல்ல. ஓரத்துல ஒரு பக்கம் பிட்டு உள்ள பாய்ஞ்சு கடிச்சிருக்கு, இன்னொரு பக்கம் மொட்டு மாதிரி துருத்திக்கிட்டிருக்கு.

துருத்தினதை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சோம். அங்க தேய்ச்சா இங்க இடிச்சுது. ரெண்டாவது பலகையைப் போட்டு வெட்டினோம். அதே கூத்து. தம்பி உடனே, நட்டைத் தளர்த்தாதீங்கன்னு அன்னைக்கே சொன்னேன்னு ஆரம்பிச்சான். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், உன் கம்ப்யூட்டரைப் பாருன்னு நான் திருப்பிக் கொடுத்தேன். பேச்சு வளர்ந்து, யார் எப்போ எந்தப் பிட்டை ஒடிச்சாங்கங்கிற வரைக்கும் போச்சு. அந்தப் பொண்ணு எங்களைச் சமாதானமும் பண்ணல, கூடச் சேர்ந்து கத்தவும் இல்ல. குனிஞ்சு, தரையில சிதறின உடைஞ்ச பருப்பைப் பொறுக்கிச்சு. கீழ டீக்கடையில கொடுத்து வறுத்து வாங்கியாந்து எங்க முன்னாடியே வச்சுச்சு. விதைக்குன்னு கையால உரிச்சு எடுத்து வச்சது அது. நான் ஒண்ணைக்கூடத் தொடல.

ரெண்டு நாள் கழிச்சு, சாயங்காலம் மேக்கால ஒரே இருட்டு. காத்து, இடி, அப்புறம் கொட்டித் தீர்த்துச்சு. மழைன்னா எனக்கு ரொம்ப இஷ்டம், அன்னைக்கு மட்டும், தட்டு இன்னும் ஆகலையேன்னு அதைத் திட்டிக்கிட்டே ஜன்னலைச் சாத்தினேன். விடிஞ்சதும் விடியாததுமா பொண்ணு ஆபீஸுக்கு லீவு சொல்லிட்டு வந்து நிக்குது. ஒரு கையில விதைப் பை, இன்னொரு கையில பழைய பலகை, கத்தித் தழும்பெல்லாம் இருக்கு. வீட்டுல காய் நறுக்கிக்கிட்டிருந்ததையே கழுவி எடுத்துட்டு வந்திருக்கு. அன்னைக்குன்னு பார்த்துப் பௌர்ணமி. தம்பி கடையை விட்டு அசையமாட்டான்.

அந்தப் பலகையையும் கெடுத்துட்டா அப்புறம் பொண்ணு மூஞ்சியில எப்படி முழிக்கிறது? ஸ்விட்சுல கை வைக்கவே பயமா இருந்துச்சு. கெட்டுப்போன ரெண்டு தட்டையும் ஜன்னல் வெளிச்சத்துல வச்சு உட்கார்ந்தேன். கத்தறதுக்கு எதிர்ல ஆள் இல்லைன்னா எனக்கு மூளை கொஞ்சம் வேலை செய்யும். நடு ஓட்டையை விரலால தடவினேன், வழவழன்னு இருந்துச்சு. விதைக்குழிங்களும் அப்படித்தான். வெளிவட்டம் மட்டும்தான் கந்தல். நட்டு ஆட்டம்தான் காரணம்னா ஓட்டையும் இல்ல கோணலாகணும்? மேஜை கோணல்னா குழியும் இல்ல கெடணும்?

பலகையை வைக்காம, பிட்டைத் தூக்கிவிட்டு, மெஷினைச் சும்மா காத்துலயே ஓடவிட்டேன். அது போற வழியை நானும் பொண்ணும் கண்ணால தொடர்ந்தோம். ஓட்டைக்குள்ளயும் வலமாத்தான் சுத்துது, வெளிவட்டத்தையும் வலமாத்தான் சுத்துது. பொண்ணுதான், தட்டு எந்தப் பக்கம் இருக்குனு பாருங்கக்கான்னுச்சு. பிட்டு போற திசையைப் பார்த்து நின்னா, வெளிய சுத்தும்போது தட்டு வலது கைப்பக்கம். உள்ள சுத்தும்போது தட்டு இடது கைப்பக்கம். எனக்குப் பொட்டில அடிச்ச மாதிரி இருந்துச்சு. பிட்டோட பல்லு எப்பவும் ஒரே பக்கமாத்தான் சுழலுது. தட்டு வலது கைப்பக்கம் இருந்தா, அந்தப் பல்லு பிளாஸ்டிக்கைக் கவ்வி மெஷினையே முன்னாடி இழுக்கும். வீட்டுப் பக்கம் திரும்பின மாடு மாதிரி. கனமான பெரிய மெஷின்னா இழுப்புக்குக் கொடுக்காது. எங்களுது சின்னது, நட்டுலயும் ஆட்டம் இருக்கு, அந்த ஆட்டம் எவ்வளவோ அவ்வளவு பாயுது. எதிர்ப்பக்கமா சுத்தவிட்டா பிட்டு தள்ளித் தள்ளித்தான் போகணும், பாய எடமே இருக்காது.

பொதுச் செட்டிங்கைத் தொறந்தோம். உள்ளேன்னாலும் சரி, வெளியேன்னாலும் சரி, எல்லாமே வலம்னு போட்டிருந்துச்சு. தம்பிக்குப் போன் போட்டேன். பின்னாடி ஒரே கூட்டத்துச் சத்தம். செட்டிங்ல நீயா கை வச்சு வலம்னு மாத்தினியானு கேட்டேன். வர்றேன்க்கா, நான் வராம அதைத் தொடாதீங்கன்னு சொல்லிட்டு வெச்சுட்டான். பௌர்ணமியன்னைக்குக் கடையைப் பொண்டாட்டிகிட்ட விட்டுட்டு, அந்தக் கூட்டத்துல சந்து பொந்தெல்லாம் பூந்து வந்து சேர்ந்தான். அவனுக்கு அது மாசத்துல பெரிய வியாபார நாளு.

வந்ததும் மறைக்கல. "ஆமாக்கா, நான்தான் வச்சேன். மலையை வெட்டும்போது பிட்டு மலையை இடமாச் சுத்தினா எனக்கு மனசு ஒப்பல. பொறந்ததுல இருந்து வலக்கைப் பக்கம் மலையை வச்சு நடந்தவன் நான்."

அவன் மலையெல்லாம் மெல்லிசுப் பிளைவுட்டு. ஓரம் கொஞ்சம் பிசிறு தட்டும், உப்புத்தாள்ல ஒரு இழுப்பு இழுத்துடுவான். அதனால அவனுக்கு இது பெரிசாத் தெரியவே இல்ல. எல்லாருக்கும் நல்லதுதானேனு பொதுச் செட்டிங்லயும் அதையே போட்டு வச்சிருக்கான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்ல. வாய் வரைக்கும் ஒரு வார்த்தை வந்துச்சு. எங்க அம்மா மக்காவுக்கு உம்ரா யாத்திரை போயிட்டு வந்தவங்க. அங்க காபாவை இடது கைப்பக்கம் வச்சுத்தான் சுத்துவாங்க. அப்போ அவங்க சுத்தினது தப்பான்னு கேட்டுடலாம்னு பார்த்தேன். கேட்டிருந்தா பேச்சு மெஷினை விட்டு வேற எங்கயோ போயிருக்கும், போன பேச்சைத் திருப்பிக் கொண்டாற முடியாது. நல்லவேளை, விழுங்கிட்டேன். என் வாழ்க்கையில நான் விழுங்கின வார்த்தைங்களை எண்ணிடலாம்.

நான் விழுங்கினதைப் பார்த்தோ என்னவோ, பொண்ணு பேசிச்சு. சத்தமே இல்லாம.

"அண்ணா, உங்க மலையை நீங்க எப்பவும் போல வலமா வெட்டிக்குங்க. இது மல்லாட்டைத் தட்டு. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள என் மண்ணு காஞ்சிடும். அப்புறம் அங்க கல்லுதான் நடுவாங்க."

அவன் விறுவிறுன்னு கீழ எறங்கிப் போயிட்டான். ஜன்னல் வழியா பார்த்தேன், டீக்கடையில நின்னான், கையில டீ டம்ளர். குடிக்கவே இல்ல. கோவிச்சுக்கிட்டுப் போயிடுவானோன்னு நெனைச்சேன். போயிருந்தா நானே செட்டிங்கை மாத்தி வெட்டியிருப்பேன், மெஷின் என் காசும்தான். ஆனா அப்படி வெட்டியிருந்தா அன்னைக்கே பட்டறை ரெண்டாப் போயிருக்கும். இது அந்தப் பொண்ணுக்கும் தெரிஞ்சிருக்கணும். ஸ்விட்சு பக்கம் அது திரும்பவே இல்ல.

மேல வந்தான். முகம் கழுவியிருந்தான். மொத்தத்தையும் எந்தப் பக்கம் வேணா வெட்டிக்கலாம், ஓரத்துல ஒரு முடி கனம் மட்டும் மிச்சம் விடுங்க, கடைசியா ஒரே ஒரு சுத்து வலம் வந்து முடிச்சுக்கலாமானு கேட்டான். உன் மனசுக்காக ஒரு பலகையைப் பலி கொடுக்கணுமானு கேக்கத்தான் வாயைத் தொறந்தேன். ஆனா கடையை விட்டுட்டு வந்து நிக்கிறவன் அவன். பாதி வழி அவன் வந்துட்டான், மீதியை நான்தான் நடக்கணும். முடி கனத்தைச் சீவறதுக்குப் பிட்டு எதைக் கவ்வி இழுக்கப் போகுதுன்னும் தோணிச்சு. பொண்ணைப் பார்த்தேன். தலையை ஆட்டிச்சு.

பழைய பலகையை இறுக்கிப் பூட்டினோம். அவன் முருகா முருகான்னான், நான் பிஸ்மில்லா சொன்னேன், பொண்ணு எதுவும் சொல்லாம மேஜையை ரெண்டு கையாலயும் அழுத்திப் புடிச்சுக்கிச்சு, ஏன்னா மேஜையும் லேசா ஆடும். பிட்டு குழிங்களை முடிச்சுட்டு வெளிய வந்து, இடமாச் சுத்த ஆரம்பிச்சுது. சத்தமே வேற. முன்னாடியெல்லாம் வெடவெடன்னு அதிரும். இப்போ தையல் மெஷின் மாதிரி ஒரே சீரா ஓடிச்சு. ஆழம் முழுக்க இறங்கி முடிஞ்சதும் பிட்டு ஒரு நொடி நின்னு, திரும்பி, வலமா கடைசிச் சுத்து போச்சு. வெள்ளையா நூல் மாதிரி ஒரே இழையில சீவல் சுருண்டு விழுந்துச்சு. தட்டைக் கழட்டி ஓரத்துல விரலை ஓட்டினேன். கண்ணாடி. பிசிறுமில்ல, மொட்டுமில்ல. கையால அறுக்கிற காலத்துல இப்படி ஒரு ஓரம் வந்திருந்தா கடையிலயே மாட்டி வச்சிருப்பேன்னான் தம்பி.

அப்புறமா படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன், எங்க மாதிரி சின்ன மெஷின் வச்சிருக்கிற பல பேர் இப்படித்தான் செய்றாங்களாம். முரட்டு வெட்டு ஒரு பக்கம், கடைசியா மெல்லிசு வெட்டு எதிர்ப்பக்கம். அவங்க கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சிருப்பாங்க. நாங்க சண்டை போட்டுக் கண்டுபிடிச்சோம்.

மொட்டை மாடியில தள்ளிப் பார்த்தோம். கடக் வரல. ஒரு விதை உடையல, ஒரு தோலு உரியல. பொண்ணு அந்த நீளத்துக்கும் தள்ளிட்டுப் போய், திரும்பி வந்து, விழுந்த விதையெல்லாம் குனிஞ்சு பொறுக்கிச்சு. இந்தத் தடவை பொறுக்கினதை விதைப் பையிலயே போட்டுச்சு. அதைப் பார்த்ததும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. கோபக்காரிக்கு அழுகை வந்தா பார்க்கச் சகிக்காது, அதனால மெஷினைத் துடைக்கிற சாக்குல திரும்பிக்கிட்டேன்.

பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியவே நிறுத்திட்டாங்க, ரோடெல்லாம் ஜனம். கருவியை ஸ்கூட்டியில கட்டிக்கிட்டு பொண்ணு சுத்துவழியில கெளம்பிச்சு. தம்பி கடைக்குக் கெளம்பும்போது படியில நின்னு கேட்டான், "அக்கா, உங்க அம்மா மக்காவுல சுத்தினாங்களே, எந்தக் கைப்பக்கம்?" இடக்கைப் பக்கம்னு சொன்னேன். அப்போ முரட்டு வேலை உங்களுது, நேர்த்தி எங்களுதுன்னு சிரிச்சான். பேரு வாங்கறதுக்கு மட்டும் முன்னாடி வந்துடு, போய்க் கடையைப் பாருன்னு விரட்டினேன். நான் விழுங்கின வார்த்தையை அவனே எடுத்து, முள்ளு நீக்கி, என் கையில கொடுத்துட்டுப் போன மாதிரி இருந்துச்சு. அன்னைக்கு முழுக்க எனக்குக் கோபமே வரல. கடைக்கு வந்தவங்கள்லாம் உடம்பு சரியில்லையானு கேட்டாங்க.

பொண்ணு அன்னைக்குச் சாயங்காலமே தள்ள ஆரம்பிச்சு, மறுநாள் வெயில் ஏறறதுக்குள்ள முடிச்சிடுச்சு. போன்ல சொன்னது, முடிஞ்சுதுக்கா, கை ரெண்டும் காய்ச்சுப் போச்சு, அவ்வளவுதான். நாங்க நம்பவும் பயந்தோம், நம்பாம இருக்கவும் முடியல. விதைக்கிறது ஒண்ணு, முளைக்கிறது ஒண்ணு.

ஆடி முடியறதுக்குள்ள தம்பியும் நானும் அவன் பைக்குல கீழ்பென்னாத்தூர் போனோம். தூரத்துல இருந்தே தெரிஞ்சுது. செம்மண்ணுல பச்சைப் பொட்டு வச்ச மாதிரி வரிசை வரிசையா. மண்ணைப் பொளந்துக்கிட்டு ரெட்டை ரெட்டையா இலை. இங்கொண்ணு அங்கொண்ணு விட்டுப்போயிருந்துச்சு, அது மயில் பொறுக்கினதுன்னு பொண்ணு சொல்லிச்சு. வரப்புல அவங்க அண்ணன் நின்னாரு. அவர் காலடியில அந்த மஞ்சப் பெயின்ட் அடிச்ச கல்லுங்க. தட்டைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு, கத்தித் தழும்பு இருந்த பக்கத்தைக் கட்டைவிரலால தடவினாரு. எங்க வீட்டுப் பலகைதானே இதுன்னு தங்கச்சியைக் கேட்டாரு. அப்புறம் என்னைப் பார்த்து, ஓரத்துல வரப்புப்பயிரா உளுந்து போடலாம்னு இருக்கேன், அதுக்கும் ஒரு தட்டு வெட்டித் தருவீங்களானு கேட்டாரு. இந்த வருஷத்துக்குப் பேச்சு முடிஞ்சுதுன்னு எனக்குப் புரிஞ்சுது. அடுத்த வருஷம் என்ன ஆகும்னு யாரும் கேட்டுக்கல.

அடுத்த வாரம் கீழ வேன் வந்து நின்னுச்சு. அண்ணன் ஓட்டிக்கிட்டு வந்திருக்காரு. அவரும் பொண்ணுமா, மூச்சு வாங்க வாங்க, என்னத்தையோ தூக்கிட்டு மாடியேறி வந்தாங்க. ரெண்டு எல்லைக் கல்லு. மெஷின் மேஜைக்கு அடியில இருந்த சட்டத்து மேல, இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணு வச்சாங்க. மேஜையைப் புடிச்சு ஆட்டிப் பார்த்தேன், அசையல. படி ஏத்தி என் தரையில கீறல் போட்டுட்டீங்களேன்னு கத்தணும்னு வாயைத் தொறந்தேன்.

பொண்ணு நெத்தி வேர்வையைத் துடைச்சுக்கிட்டே சொல்லிச்சு, "இதை நட வேண்டிய எடத்துல மல்லாட்டை வந்துடுச்சுக்கா. வேற எங்க கொண்டு போய்ப் போடறது?"